பித்தளைக் குடமும் பிள்ளையின் ஈரலும்



காரைக்குடிக்கு அருகில் அரியக்குடி என்று ஓர் ஊர் உண்டு. இசை அறிந்தவர்களுக்கு அது அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) பிறந்த ஊர். பெருமாள் பக்தர்களுக்கு அது 'தென் திருப்பதி'. கல்யாணச் சீருக்குச் சாமான் வாங்குகிறவர்களுக்கோ அது விளக்கு ஊர். பித்தளையில் வார்த்து, கடைந்து, மெருகேற்றிய அரியக்குடிக் குத்துவிளக்கு செட்டிநாடெங்கும் பெயர் பெற்றது.

செட்டிநாட்டு வீடுகளில் பித்தளை விளக்கோடு நின்றுவிடவில்லை. குடம், தவலை, அண்டா, அடுக்கு, செம்பு, கரண்டி என்று சமையற்கட்டு முழுவதும் அதன் ஆட்சிதான் நடந்தது. ஊருணியில் மொண்ட குடிதண்ணீர் பித்தளைக் குடத்தில் நிறைந்து, இடுப்பில் ஏறி வீடு வந்து சேர்ந்தது. எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்த பிறகு அந்தக் குடங்களில் பல பரணுக்குப் போய்விட்டன. ஆனால் அவற்றோடு சேர்ந்து பரணுக்குப் போகக் கூடாத இரண்டு வீட்டு விதிகள் உண்டு. வயதான ஆச்சிமார் யாரையாவது கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

முதல் விதி: குடிதண்ணீரைப் பித்தளைக் குடத்திலோ செப்புக் குடத்திலோ இரவு முழுவதும் வைத்திருந்து குடித்தால் உடம்புக்கு நல்லது.

இரண்டாவது விதி: புளிக்குழம்பு, ரசம், தயிர், மோர் ஆகியவற்றை ஈயம் பூசாத பித்தளையில் வைக்கக் கூடாது. களிம்பு ஏறிவிடும், அது விஷம்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே பித்தளை; தண்ணீருக்கு நல்லது, தயிருக்கு ஆகாது! இது எப்படி? இரண்டில் ஒன்று மூடநம்பிக்கையா? இரண்டுமே உண்மையா? உண்மையென்றால் எந்த அளவுக்கு உண்மை? இக்கேள்விக்கு விடை உயிரியலில் இருக்கிறது. செல், நொதி, உறுப்பு, கழிவு நீக்கம் என்று உங்கள் பாடப் புத்தகத்தில் தனித்தனிப் பாடங்களாக வருபவை எல்லாம் இந்த ஒரு குடத்துக்குள் வந்து கூடுகின்றன. போகும் வழியில் கொஞ்சம் இயற்பியலும் வேதியியலும் குறுக்கிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடத்திலிருந்து நீருக்குள் வருவது என்ன?

பித்தளை ஒரு தனிமம் அன்று. செம்பையும் துத்தநாகத்தையும் உருக்கிக் கலந்த உலோகக் கலவை அது. பொதுவாக அதில் பாதிக்கு மேல் செம்புதான். பளபளக்கும் குடத்தில் நீரை ஊற்றி வைத்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. நீரின் நிறம் மாறுவதில்லை. குடத்தின் எடையும் குறைந்ததாகத் தெரிவதில்லை. ஆயினும் மேற்பரப்பில் இருக்கும் செம்பு அணுக்களில் சில, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனின் உதவியால், தம் எலெக்ட்ரான்களை இழந்து அயனிகளாகி நீருக்குள் இறங்கிவிடுகின்றன.

இந்தச் சொற்ப அளவுச் செம்பால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஸ்விட்சர்லாந்தில் பிறந்த தாவரவியலாளர் கார்ல் நேகலி (1817–1891) அப்படி நினைத்து விட்டுவிடவில்லை. ஸ்பைரோகைரா என்னும் பாசியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குளத்திலும் ஊருணியிலும் பச்சை நூல் போல் மிதக்குமே, அதுதான். மிக மிகச் சிறிதளவு செம்பு கரைந்த நீரிலும் அப்பாசி மடிந்துபோவதை நேகலி கண்டார். இந்த விளைவுக்கு 'ஆலிகோடைனமிக் விளைவு' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'சிறிதளவின் ஆற்றல்' என்பது அதன் பொருள். அவர் இறந்து இரண்டாண்டுகளுக்குப் பின்னர், 1893-இல் அந்த ஆய்வு வெளியாயிற்று.

நம் உழவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மயில்துத்தம் என்பது செம்பின் உப்புதான். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்து செடிகளின் மேல் தெளித்தால் பூஞ்சை நோய் கட்டுப்படும். பிரெஞ்சு அறிஞர் மில்லார்டே 1885-இல் திராட்சைத் தோட்டங்களுக்காக அறிவித்த 'போர்டோ கலவை' இதுவே.

ஆக, செம்பு பாசியைக் கொல்கிறது, பூஞ்சையைக் கொல்கிறது. குடிநீரில் உள்ள நோய்க் கிருமியையும் கொல்லுமா?

சோதித்துப் பார்த்தவர்கள்

ஆச்சி சொன்னார் என்பதற்காக ஒன்றை நம்புவதும் அறிவியல் ஆகாது. ஆச்சி சொன்னார் என்பதற்காகத் தள்ளுவதும் அறிவியல் ஆகாது. சோதித்துப் பார்ப்பதே அறிவியல்.

பிரிட்டனின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியலாளர் ராப் ரீட் என்பவரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் நம் நாட்டுப் பித்தளைப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தனர். முடிவுகள் 2005-இல் அறிவிக்கப்பட்டன. ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியா கலந்த நீரைப் பித்தளை, மண், பிளாஸ்டிக் பாத்திரங்களில் வைத்து, உயிருள்ள பாக்டீரியாக்களை அவ்வப்போது எண்ணினர். பித்தளையில் அவற்றின் எண்ணிக்கை விழுந்துகொண்டே வந்தது. 48 மணி நேரத்தில், சோதனையில் ஒன்றுகூடத் தென்படாத நிலை வந்தது.

அடுத்து, பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கல்கத்தா அறிஞர்களுடன் சேர்ந்து, செப்புக் குடங்களை ஆராய்ந்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டனர். காலரா, சீதபேதி, டைபாய்டு, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களை, ஒரு மில்லி லிட்டருக்கு 500 என்ற கணக்கில் நீரில் விட்டனர். நீரைச் செப்புக் குடத்தில் சாதாரண வெப்பநிலையில் 16 மணி நேரம் வைத்திருந்தனர். பிறகு பார்த்தால், வளரக்கூடிய பாக்டீரியா எதையும் அந்நீரிலிருந்து மீட்க முடியவில்லை. நீரில் இறங்கியிருந்த செம்பின் அளவு எவ்வளவு தெரியுமா? லிட்டருக்குச் சுமார் 177 மைக்ரோகிராம், அதாவது 0.177 மில்லி கிராம். குடிநீரில் 2 மில்லி கிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

இவ்வளவு குறைந்த செம்பு எப்படி இவ்வளவு கிருமிகளைக் கொல்லும்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். 63.5 கிராம் செம்பில் 6 × 10²³ அணுக்கள் உள்ளன என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியானால் 177 மைக்ரோகிராமில் ஏறத்தாழ 1.7 × 10¹⁸ அணுக்கள் இருக்கும். ஒரு லிட்டர் நீரில் விடப்பட்ட பாக்டீரியாக்கள் ஒவ்வொரு வகையிலும் 5 லட்சம். முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் மூன்று லட்சம் கோடிக்கு மேற்பட்ட செம்பு அயனிகள் வருகின்றன! நமக்குச் 'சொற்பம்' என்று தோன்றியது பாக்டீரியாவின் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு சமுத்திரம்.

ஒரு செல்லுக்குள் நடப்பது

பாக்டீரியா என்பது ஒரே ஒரு செல். அதன் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். ஒரு மில்லி மீட்டர் நீளத்துக்குள் 500 பாக்டீரியாக்கள் வரிசையாகப் படுக்கலாம். அந்த ஒரு செல்லே உண்ண வேண்டும், சுவாசிக்க வேண்டும், வளர வேண்டும், இரண்டாகப் பிரிய வேண்டும்.

செல்லைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அது வெறும் பை அன்று, காவல்காரனும்கூட. எதை உள்ளே விடுவது, எதை வெளியே தள்ளுவது என்று தீர்மானிப்பது அதுதான். செல்லுக்குள் ஆயிரக்கணக்கான வேதிவினைகள் இடைவிடாமல் நடக்கின்றன. அவற்றை நடத்திவைப்பவை நொதிகள். நொதிகளில் பெரும்பாலானவை புரதங்கள். நீண்ட நூல் போன்ற புரதம் குறிப்பிட்ட ஒரு வடிவத்தில் மடிந்து நின்றால்தான் அது வேலை செய்யும். பூட்டுக்கு ஏற்ற சாவி போல என்று படித்திருப்பீர்கள். சாவியின் ஒரு பல் வளைந்தாலும் பூட்டு திறக்காது அல்லவா?

செம்பு அயனி செய்வது இதைத்தான். புரதங்களில் உள்ள கந்தக அணுக்களின் மேல் செம்புக்கு அதிகப் பிடிப்பு உண்டு. அங்கே போய் ஒட்டிக்கொண்டு நொதியின் வடிவத்தைக் குலைக்கிறது. சில நொதிகளில் இரும்பு இருக்க வேண்டிய இடத்திலிருந்து இரும்பை வெளியே தள்ளுகிறது. மேலும், செம்பு அயனி எலெக்ட்ரானை எளிதில் வாங்கவும் எளிதில் கொடுக்கவும் வல்லது. இந்தக் கொடுக்கல் வாங்கலின்போது, எதையும் தாக்கக்கூடிய தீவிர ஆக்சிஜன் வகைகள் பிறக்கின்றன. அவை சவ்வைச் சிதைக்கின்றன. காவல்காரன் விழுந்தால் வீடு திறந்த வீடுதான்.

பாக்டீரியா சும்மா இருப்பதில்லை. மிகுதியான செம்பை வெளியே இறைத்துத் தள்ளும் ஏற்பாடு ஈ. கோலையின் சவ்விலேயே உண்டு. ஓட்டைப் படகில் நீர் இறைப்பது போன்றது அது. இறைப்பதைவிட வேகமாக நீர் உள்ளே வந்தால் படகு மூழ்கும். செப்புக் குடத்தில் பாக்டீரியாவுக்கு நேர்வது அதுவே. இந்த உவமையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் தேவைப்படும்.

அப்படியானால் நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

அதே நீரை நாமும் குடிக்கிறோம். நம் உடலும் செல்களால் ஆனதுதான். நம் செல்களிலும் சவ்வு உண்டு, நொதி உண்டு, புரதத்தில் கந்தகம் உண்டு. பின் நாம் ஏன் மடிவதில்லை?

முதலில் ஒரு வியப்பான செய்தி. செம்பு நமக்கு நஞ்சு மட்டும் அன்று, உணவும்கூட. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லி கிராம் செம்பு தேவை. கடலை, பருப்பு, எள், ஈரல், நண்டு போன்ற உணவுகளிலிருந்து அது கிடைத்துவிடுகிறது. நம் உடல் முழுவதிலும் இருக்கும் செம்பு சுமார் 100 மில்லி கிராம்தான். ஆனால் அதில்லாமல் ஒரு மூச்சும் பயன்படாது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன், இரத்தத்தின் வழியாகச் செல்லுக்குள் சென்று, மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பில்தான் செலவாகிறது. அங்கே ஆக்சிஜனுக்கு எலெக்ட்ரான்களைக் கொடுத்து நீராக மாற்றும் நொதிக்கு சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்று பெயர். அந்த நொதியின் நடுவே செம்பு அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. பாக்டீரியாவைக் கொன்ற அதே குணம்தான், அதாவது எலெக்ட்ரானை எளிதில் வாங்கிக் கொடுக்கும் குணம்தான், இங்கே நமக்கு உயிர் கொடுக்கிறது! நண்டு, இறால், நத்தை முதலியவற்றில் செம்பு இன்னும் ஒரு வேலை செய்கிறது. நம் இரத்தத்தில் இரும்பு ஆக்சிஜனைச் சுமப்பதுபோல் அவற்றின் இரத்தத்தில் செம்பு சுமக்கிறது. ஆகவேதான் ஆக்சிஜன் ஏறிய நண்டின் இரத்தம் நீல நிறமாக இருக்கிறது.

அடுத்து, அளவைக் காப்பது யார் என்று பார்ப்போம். பாக்டீரியா நீரில் நேரடியாக மூழ்கிக் கிடக்கிறது. அது மிகச் சிறியதாதலால் அதன் பருமனோடு ஒப்பிட மேற்பரப்பு மிக அதிகம். பக்கம் 1 மைக்ரோமீட்டர் உள்ள கனசதுரத்துக்கு மேற்பரப்பு 6, பருமன் 1. பக்கம் 10 மைக்ரோமீட்டர் ஆனால் மேற்பரப்பு 600, பருமன் 1,000. விகிதம் 6-லிருந்து 0.6 ஆகிவிடுகிறது. சிறியதற்கு எதிரி நுழையும் வாசல் அதிகம். நம் செல்களோ அந்த நீரில் நேராக மூழ்குவதில்லை. நாம் குடித்த நீர் முதலில் குடலுக்குப் போகிறது. குடலின் உட்சுவர்ச் செல்கள் செம்பில் ஒரு பகுதியையே உள்ளே விடுகின்றன. உள்ளே வந்த செம்பு தனியாகத் திரிய அனுமதி இல்லை. புரதங்கள் அதைப் பிடித்துக்கொண்டே கல்லீரலுக்குக் கொண்டு சேர்க்கின்றன. கல்லீரல் தேவையானதை எடுத்துக்கொண்டு, மிஞ்சியதைப் பித்தநீரில் கலந்து குடலுக்கே திருப்பி அனுப்புகிறது. அது மலத்தோடு வெளியேறிவிடுகிறது.

இதுதான் பல செல் உயிரியின் சிறப்பு. பாக்டீரியா தானே இறைக்க வேண்டிய படகு. நமக்கோ அதற்கென்றே கல்லீரல் என்னும் ஓர் உறுப்பு இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சமமாக வைத்திருப்பதை உயிரியலார் 'உடற்சமநிலை' என்பார்கள். உயிர் என்பதே ஒரு வகையில் அளவு காக்கும் கலைதான்.

ஆனால் இறைக்கும் கை இன்னும் பழகாதிருந்தால்?

பிள்ளையின் ஈரல்

நம் நாட்டில் ஒரு காலத்தில் தாய்மார்களைக் கதிகலங்கச் செய்த ஒரு நோய் இருந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைகளைத்தான் அது பெரும்பாலும் பிடித்தது. வயிறு உப்பும், ஈரல் வீங்கிக் கல்லைப்போல் கெட்டியாகும், பிறகு மஞ்சள் காமாலை, சில மாதங்களுக்குள் பெரும்பாலும் மரணம். ஒரே வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு, மூன்று குழந்தைகளை இழந்த பெற்றோரும் உண்டு. மருத்துவ நூல்கள் இதற்கு நம் நாட்டின் பெயரையே சேர்த்து 'இந்தியக் குழந்தை ஈரல் இறுக்கநோய்' என்று பெயரிட்டிருந்தன.

காரணம் நெடுங்காலம் பிடிபடவில்லை. நோயுற்ற குழந்தைகளின் ஈரலைச் சோதித்தபோது அதில் செம்பு குவிந்து கிடந்தது தெரியவந்தது. வளர்ந்த ஒருவரின் ஈரலில் உலர் எடையில் கிராமுக்கு ஏறத்தாழ 50 மைக்ரோகிராமுக்கு உட்பட்டே செம்பு இருக்கும். இக்குழந்தைகளின் ஈரலில் அது பல மடங்கு உயர்ந்து ஆயிரத்தையும் தாண்டியிருந்தது. இவ்வளவு செம்பு எங்கிருந்து வந்தது?

பூனாவின் குழந்தை மருத்துவர்கள் ஷீலா பாவே, ஆனந்த் பண்டிட் ஆகியோரும் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் டேனரும் சேர்ந்து ஆராய்ந்தனர். குழந்தைகளுக்கு என்ன கொடுத்தீர்கள், எதில் காய்ச்சினீர்கள், எதில் வைத்திருந்தீர்கள் என்று தாய்மார்களிடம் விசாரித்தனர். விடை 1983-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. நோயுற்ற குழந்தைகளுக்கு மிகச் சிறு வயதிலேயே தாய்ப்பாலுக்குப் பதிலாகவோ அதனுடனோ மாட்டுப்பாலோ எருமைப்பாலோ கொடுக்கப்பட்டிருந்தது. அந்தப் பால் காய்ச்சப்பட்டதும் வைக்கப்பட்டதும் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரங்களில்!

நீரில் இறங்காத அளவுக்குச் செம்பு பாலில் இறங்கியது ஏன்? பாலில் புரதம் இருக்கிறது. புரதத்துக்குச் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு என்று மேலே பார்த்தோம். செம்பைப் பாலின் புரதம் பிடிக்கப் பிடிக்க, பாத்திரத்திலிருந்து மேலும் மேலும் செம்பு இறங்கும். சூடு அதை விரைவாக்கும். அந்தப் பாலே குழந்தைக்கு உணவு. ஒரு வேளை அன்று, பல வேளை. ஒரு நாள் அன்று, பல மாதம்.

மறுபக்கம், பச்சிளங்குழந்தையின் ஈரல் செம்பை வெளியேற்றும் வேலைக்கு இன்னும் முழுமையாகப் பழகவில்லை. அதோடு, கருவிலிருக்கும்போதே தாயிடமிருந்து பெற்ற செம்பைச் சேமித்துக்கொண்டுதான் குழந்தை பிறக்கிறது. தாய்ப்பாலில் செம்பு குறைவு. அந்தச் சேமிப்பும் தாய்ப்பாலும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக அமைந்தவை. நிறைந்திருந்த குடத்தில் மேலும் மேலும் ஊற்றியதுபோல் ஆயிற்று பித்தளைப் பால். ஓட்டைப் படகை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். குடத்து நீரில் பாக்டீரியா எதனால் மடிந்ததோ, அதே காரணத்தால்தான் குழந்தையின் ஈரல் செல்களும் மடிந்தன. உள்ளே வந்த வேகத்துக்கு வெளியே தள்ள முடியவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆஸ்திரியா நாட்டின் டைரோல் மலைப்பகுதியிலும் 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இதே போன்ற ஈரல் நோயால் இறந்தனர். அங்கே மாட்டுப்பாலைப் பூச்சு இல்லாத செப்புப் பாத்திரத்தில் காய்ச்சிக் கொடுத்திருந்தார்கள். அப்பாத்திரங்கள் போனதும் நோயும் போயிற்று. அதே பாலைக் குடித்த எல்லாக் குழந்தைகளுக்கும் நோய் வரவில்லை என்பதால், பரம்பரையாக வரும் ஒரு குறையும் உடன் சேர்ந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். ஆனால் பரம்பரையை மாற்ற முடியாது. பாத்திரத்தை மாற்றலாம் அல்லவா? நம் நாட்டிலும் அதுதான் நடந்தது. பித்தளையில் பால் காய்ச்ச வேண்டாம் என்ற அறிவுரை பரவியது, எவர்சில்வரும் பெருகியது. இன்று அந்த நோய் மிக அரிதாகிவிட்டது. புது மருந்து ஒன்று வந்து அதை ஒழிக்கவில்லை. சரியான கேள்வியைத் தாய்மார்களிடம் கேட்டதே அதை ஒழித்தது.

நீங்களே செய்து பாருங்கள்

'களிம்பு ஏறும்' என்று ஆச்சி சொன்னதைக் கண்ணால் காண ஒரு சோதனை. பழைய, கறுத்துப்போன செம்புக் கம்பித் துண்டுகள் கொஞ்சம், ஓர் எலுமிச்சம்பழம், உப்பு, இரண்டு இரும்பு ஆணிகள், இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் தேவை. கம்பி எந்த மின் இணைப்பிலும் இல்லாத உதிரித் துண்டாக இருக்கட்டும்.

ஒரு தம்ளரில் எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும், மற்றதில் வெறும் நீரும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் செம்புத் துண்டுகளைப் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். சாற்றில் கிடக்கும் செம்பு பளிச்சென்று ஆகிவிடும். பித்தளையைப் புளி போட்டுத் துலக்குவதும் இதே வித்தைதான். துண்டுகளை எடுத்துவிட்டு, உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்த ஆணியை ஒவ்வொன்றிலும் போடுங்கள். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால், சாற்றில் உள்ள ஆணியின் மேல் சிவந்த செம்புப் படலம் பூத்திருக்கும். நீரில் உள்ள ஆணியில் செம்பு படியாது. நாட்பட்டால் பொடியாக உதிரும் துருதான் பிடிக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

காரணம் என்ன? அமிலம் செம்பைக் கரைத்து அயனியாக்கியது. இரும்பு தன் எலெக்ட்ரானைக் கொடுத்து அந்த அயனியை மீண்டும் உலோகமாக்கித் தன்மேல் படியவைத்தது. ஆணிமேல் நீங்கள் காணும் செம்பு, புளிக்குழம்பாக இருந்தால் வயிற்றுக்குப் போயிருக்கும். சோதனை முடிந்ததும் சாற்றைக் கொட்டிவிட்டுக் கையைக் கழுவுங்கள், வாயில் வைக்காதீர்கள்.

வீட்டுக்கு வேண்டிய முடிவுகள்

இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகு ஆச்சியின் இரண்டு விதிகளையும் நாமே திருத்தமாக எழுதலாம்.

ஒன்று: பூச்சு இல்லாத, சுத்தமாகத் துலக்கிய செப்புக் குடத்திலோ பித்தளைக் குடத்திலோ இருக்கும் நீரில் பாக்டீரியாக்கள் குறையும், ஆனால் உடனே அன்று, பல மணி நேரம் ஆகும். கலங்கல் நீரில் உள்ள அழுக்கே செம்பைப் பிடித்துக்கொள்ளும், கிருமிக்கு எஞ்சாது. நீரில் கலந்த ஃபுளூரைடு, பூச்சிமருந்து போன்றவற்றைக் குடம் ஒன்றும் செய்யாது. ஆகவே ஐயத்துக்கிடமான நீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதே முதல் பாதுகாப்பு. குடம் அதற்குத் துணையே தவிர மாற்று அன்று.

இரண்டு: புளி, எலுமிச்சை, தயிர், ஊறுகாய் எதையும் பூச்சு இல்லாத செம்பிலும் பித்தளையிலும் வைக்கக் கூடாது. செப்புப் புட்டியில் எலுமிச்சைச் சாறு கொண்டுபோவதும் இதில் அடங்கும். பாலை அதில் காய்ச்சவே கூடாது. குழந்தைக்கான பாலென்றால் சொல்லவே வேண்டாம்.

மூன்று: ஈயம் பூசுவது ஏன் என்று இப்போது விளங்கும். அந்தப் பூச்சு உணவுக்கும் செம்புக்கும் நடுவே சுவராக நிற்கிறது. பூசியது வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் கொடிய நஞ்சு. பெயரில் இரண்டும் 'ஈயம்' என்பதால் ஏமாந்துவிடக் கூடாது. கடைவதற்கு எளிதாக இருக்கவென்று வார்ப்புப் பித்தளை சிலவற்றில் காரீயம் சேர்ப்பதும் உண்டு. ஆகவே விளக்குக்கும் அலங்காரத்துக்கும் செய்த பித்தளையில் தண்ணீர் வைத்துக் குடிக்க வேண்டாம்.

நான்கு: செப்புப் பாத்திர நீர் எல்லா நோயையும் தீர்க்கும் என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள். நமக்குத் தேவையான செம்பு சாதாரணச் சாப்பாட்டிலேயே கிடைத்துவிடுகிறது.

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது நம் பழமொழி. எது அளவு என்பதைப் பழமொழி சொல்லாது. அது யார் குடிக்கிறார், எதில் வைத்துக் குடிக்கிறார், எத்தனை நாள் குடிக்கிறார் என்பதைப் பொறுத்தது. பாக்டீரியாவுக்கு ஓர் அளவு. பெரியவருக்கு ஓர் அளவு. தொட்டில் குழந்தைக்கு வேறோர் அளவு. அதை அளந்து சொல்வதற்குத்தான் உயிரியல் படிக்கிறோம். அடுத்த முறை பரணிலிருந்து பித்தளைக் குடத்தை இறக்கும்போது, தண்ணீருக்கு வையுங்கள். பாலுக்கு வேண்டாம் என்று காரணத்தோடு சொல்ல வீட்டில் ஒருவர் இருப்பார். அந்த ஒருவர் நீங்கள்தான்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உட்புறம் ஈயம் பூசிய பித்தளைக் குடத்தில் நீரை வைத்தால் பாக்டீரியாக்கள் குறையுமா? காரணம் கூறுக.

2. குடத்து நீரை மொள்ள அழுக்குக் கையைவிட்டால், உடனே அந்நீரைக் குடிப்பவருக்குக் குடம் பாதுகாப்பு தருமா?

3. பக்கம் 2 மைக்ரோமீட்டர் உள்ள கனசதுரச் செல்லுக்கும் 20 மைக்ரோமீட்டர் உள்ள செல்லுக்கும் மேற்பரப்பு–பருமன் விகிதத்தைக் கணக்கிட்டு ஒப்பிடுக.

4. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள வயதானவர்களிடம், அந்நாளில் குழந்தைக்குப் பால் எந்தப் பாத்திரத்தில் காய்ச்சினார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். பூனா மருத்துவர்கள் தொடங்கியதும் இந்தக் கேள்வியிலிருந்துதான்.